மூன்றாவது கேள்வி

என் கிரெடிட் கார்டின் பின்பக்கத்தில் இருக்க வேண்டிய மூன்று இலக்க எண் என் கார்டில் இருக்காது. கார்டு கைக்கு வந்த அன்றே பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டேன். மனப்பாடம் செய்த பிறகுதான் சுரண்டினேன், அவ்வளவு மக்கு இல்லை. கடையில் கார்டைக் கண்மறைவாக உள்ளே எடுத்துப்போக விடமாட்டேன். மெஷின் என் முன்னால் வரவேண்டும், இல்லாவிட்டால் சாமானை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். கார்டைக் காட்டினாலே பணம் போகிற வசதி, வெளிநாட்டு வசதி எல்லாவற்றையும் அணைத்து வைத்திருக்கிறேன். ஆதார் நகல் யார் கேட்டாலும் அதன் குறுக்கே எதற்காக, யாருக்காக என்று பேனாவால் எழுதித்தான் கொடுப்பேன். ஜெராக்ஸ் கடைக்காரர் கோணலாக விழுந்த நகலைக் கசக்கிப் போட்டால், குப்பைத்தொட்டிக்குள் கையை விட்டு அதை எடுத்துக் கிழித்து என் பையில் போட்டுக்கொண்டு வருவேன். செகந்திராபாத் மாரெட்பள்ளியில் நான் போகிற கடையில் என் தலையைக் கண்டதுமே தொட்டியை முன்னால் நகர்த்தி வைக்கிறார்கள். கிண்டல்தான். செய்துவிட்டுப் போகட்டும்.

இதெல்லாம் பைத்தியக்காரத்தனம் என்று நினைப்பவர்கள் ஒரு நாள் என் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கவேண்டும். மாரெட்பள்ளியில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கட்டணப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வரிசையில் நிற்கிற பெற்றோர், பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் பிறந்த தேதியையும் அம்மா பெயரையும் கார்டு எண்ணையும் கூவிக்கொண்டிருப்பார்கள். ஒரு தடவை ஒரு அம்மா வந்தார். பிள்ளையின் படிப்புக்குக் கடன் கேட்டிருந்தார், வங்கி மறுத்துவிட்டது. அவர் கண்ணாலேயே பார்த்திராத ஒரு கார்டை அவர் பெயரில் யாரோ வாங்கித் தேய்த்துவிட்டுக் கட்டாமல் விட்டிருந்தார்கள். அது நான் இல்லை, அது நான் இல்லை என்று தெலுங்கில் சொல்லிச் சொல்லி என் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னிடம் சொல்லி என்ன ஆகும்? ஆனால் அந்த வார்த்தை என்னை விட்டுப் போகவில்லை. பணம் போனால் திரும்பச் சம்பாதிக்கலாம். நம்மையே தூக்கிக்கொண்டு போய்விட்டால் எங்கே போய்த் தேடுவது?

என் சட்டதிட்டங்களுக்கு வீட்டில் ஒரே எதிர்க்கட்சி என் வீட்டுக்காரர். பாலாநகரில் விமானத்துக்கு எலக்ட்ரானிக்ஸ் கருவிகள் செய்கிற தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலத்தில் உள்ளே என்ன செய்கிறார்கள் என்று என்னிடம்கூட மூச்சு விட்டதில்லை. அந்த இரகசியமெல்லாம் தொழிற்சாலை கேட்டோடு சரி. கேட்டைத் தாண்டிவிட்டால் மனிதரின் வாய்க்குப் பூட்டு கிடையாது.

அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நான் செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவள். என் தமிழில் தெலுங்கும் ஹிந்தியும் பாதிக்குப் பாதி கலந்திருக்கும்; அதைத் தமிழ் என்றே அவர் ஒப்புக்கொள்வதில்லை. பையன் புனேயில் இருக்கிறான். அவனிடம் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும். ஆக, போலாரத்தில் ஒரு பழைய பங்களாவின் பின்பாதியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, நான் வேலைக்குப் போனபின் பகல் முழுவதும் தனியாக உட்கார்ந்திருக்கும் அவருக்கு, தன் ஊர்த் தமிழைக் கேட்க வழியே இல்லை. முழங்கால் தேய்ந்துபோனதில் இருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும்கூட நடக்க முடியாமல் இருந்தது.

அதனால் எங்கே யார் தமிழ் பேசிக் காதில் விழுந்தாலும் அவரைப் பிடித்து நிறுத்த முடியாது. "எந்தூரு?" என்று ஆரம்பிப்பார். ஊர் தெரிந்ததும், யார் வீடு, யார் மகன், அம்மா பிறந்த ஊர் எது, பெண் எடுத்தது எங்கே, கல்யாணம் எந்த வருஷம், பிள்ளைகள் எத்தனை என்று வரிசையாகப் போய், கடைசியில் எப்படியாவது ஒரு முறையைக் கண்டுபிடித்து எதிராளியை மச்சானாகவோ மருமகனாகவோ ஆக்கிவிட்டுத்தான் ஓய்வார். அடுத்தவரிடம் கேட்பதற்கு முன் தன் பக்கத்து விவரத்தை முழுக்கச் சொல்லிவிடுவதுதான் மரியாதை என்பது அவர் கட்சி. இப்படி ஒருவரோடு முறை பார்த்து முடிப்பதற்குள் செகந்திராபாத் ஸ்டேஷனில் எங்கள் வண்டி கிளம்பிப் போய்விட்டது. பெட்டியோடு நின்று கையாட்டினோம்.

போன வருஷம் அவர் முழங்காலுக்கு ஆபரேஷன் என்று முடிவானது. காப்பீடு போக மீதியைக் கட்டுவதற்காக என் கார்டின் வரம்பை உயர்த்தச் சொல்லி வாங்கியிருந்தேன். ஆஸ்பத்திரியில் நாள் கிடைக்க மாதக்கணக்கில் காத்திருந்தோம். கார்டு இல்லையென்றால் அந்த நாளும் போய்விடும், அவர் மறுபடியும் நாற்காலியிலேயே கிடக்கவேண்டியதுதான். வரம்பை உயர்த்தும்போது, தொலைபேசியில் பேசினால் அடையாளம் காட்ட மூன்று கேள்விகள் வேண்டும் என்றது வங்கி. பிறந்த தேதி, அம்மா பெயர் இரண்டும் அவர்களே வைத்திருப்பவை. மூன்றாவதை அவர்கள் தருகிற கேள்விகளில் இருந்து நானே எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொண்டேன். பதிலை வேறெங்கும் எழுதி வைக்கவில்லை, வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை.

அவருடைய போனில் காதில் வைத்துக் கேட்கும் பகுதி செத்துப்போய் வெகுநாள் ஆகிவிட்டது. புதிது வாங்கித் தருகிறேன் என்றால் கேட்கமாட்டார். எல்லாப் பேச்சும் ஸ்பீக்கரில்தான். அதனால் அந்த ஆளின் முதல் அழைப்பை நானும் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு வந்து நான் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். தெலுங்கில்தான் ஆரம்பித்தான். உங்கள் மனைவி பேருக்கு ஒரு பார்சல் இருக்கிறது, விலாசம் சரியாக இல்லை, வழி சொல்லுங்கள் என்றான். இவர் வழி சொன்னார். இத்தனை வருஷம் இங்கே இருந்தும் இவர் தெலுங்கில் இருந்து திருநெல்வேலி வாடை போகவில்லை.

"அண்ணாச்சி, நீங்க தின்னவேலிப் பக்கமா?" என்றான் அவன்.

முழங்கால் வலியை மறந்து எழுந்து நின்றுவிட்டார் மனிதர். "ஆமாப்பா, ஆமா! நீ எந்தூரு?"

"நாங்குநேரிப் பக்கம் அண்ணாச்சி. இங்கன ஒரு கம்பெனில கெடக்கேன். தமிழ் கேட்டே எவ்வளவு நாளாச்சு!"

அப்புறம் என்ன, இட்லி ஆறி, சட்னி தண்ணீர் விட்டு, நான் இரண்டு தடவை பாத்திரத்தை டங்கென்று வைத்தும் பேச்சு நிற்கவில்லை. "கைக்குங்க, எதுக்குங்க முன்பின் தெரியாதவன்கிட்ட இவ்ளோ பேச்சு? நக்கோ, வேணாம், வைங்க போனை" என்றேன். பார்சல் என்ன ஆயிற்று என்று பிறகு கேட்டால், "அது வேற யாருக்கோவாம்ட்டி. பய நம்ம பக்கத்துப் பய. அவன் குரலக் கேட்டியா, எங்க ஊரு கொளத்தங்கரைல நின்னு பேசுத மாரியே இருக்கு" என்றார். முகம் அப்படி மலர்ந்திருந்தது. அதற்குப் பிறகு அவன் அடிக்கடி கூப்பிட்டான் என்பது எனக்குத் தெரியும். போனில் 'தம்பி' என்று அவன் எண்ணைப் பதிந்துவைத்துக்கொண்டார். சாயங்காலம் நான் வந்ததும் தம்பி இதைச் சொன்னான், தம்பி அதைச் சொன்னான் என்று ஒப்பிப்பார். பேசட்டும், பேச ஒரு ஆள் கிடைத்ததே என்று இருந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய வாரத்துக்கு முந்திய சனிக்கிழமை. இரண்டாவது சனி, வங்கிகளுக்கு விடுமுறை. எங்கள் பள்ளியில் சேர்க்கை நேரம் என்பதால் அலுவலகம் மட்டும் திறந்திருந்தது. முற்பகலில் என் போனில் சிக்னல் கோடுகள் மறைந்துவிட்டன. டவர் கோளாறு என்று நினைத்து அணைத்துப் போட்டேன். வரவில்லை. பக்கத்து மேசை நூலக டீச்சரின் போனும் என்னுடைய கம்பெனிதான், அதில் கோடுகள் நிறைய இருந்தன. "இருங்க, உங்க நம்பருக்குப் போட்டுப் பாக்கறேன்" என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு அவள் என் எண்ணை அழுத்தினாள்.

மணி போகிறது என்றாள். என் போன் மேசைமேல் செத்த மாதிரி கிடந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் போனில் மணி நின்றது.

"ஹலோ?" என்றது ஒரு ஆண் குரல்.

டீச்சர் தெலுங்கில் யாருங்க என்று கேட்டதும் வைத்துவிட்டான். மறுபடி போட்டாள். பிஸி. மறுபடி போட்டாள். அப்போதும் பிஸி. என் எண்ணில் இருந்து என் பெயரில் யாரோ யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறார்கள். வங்கியிடம்தான் என்பது எனக்கு உடனே புரிந்துவிட்டது.

கார்டைக் கைப்பையில் இருந்து எடுத்து, டீச்சரின் போனிலேயே வங்கியின் எண்ணைப் போட்டேன். மெஷின் குரல் வந்தது. இது பதிவு செய்யப்பட்ட எண் அல்ல, உங்கள் பதிவு எண்ணுக்கு ஒரு இரகசிய எண் அனுப்பியிருக்கிறோம், அதை அழுத்துங்கள் என்றது. திருடனிடம் போய் என் அனுமதியைக் கேட்கிறது! மறுபடி முயன்றேன், மறுபடி அதே பல்லவி. என் போனில் இருந்த வங்கியின் ஆப்போ, சிம் உயிரோடு இருந்தால்தான் திறக்கும். அப்போதுதான், மாற்று எண் என்று வீட்டுக்காரரின் எண்ணை வங்கியில் கொடுத்திருந்தது ஞாபகம் வந்தது. அந்த எண்ணில் இருந்து கூப்பிட்டால் மனுஷர்களிடம் பேசலாம். அவருக்குப் போட்டேன். எங்கள் வீட்டு விவரம் வெளியே போக ஒரே வழிதான் உண்டு.

"உங்க தம்பி இன்னைக்குப் பேசினானா?"

"காலைலயே பேசுனான். மதினி பள்ளிக்கூடம் போயாச்சான்னு கேட்டான். சாயந்தரந்தான் வருவான்னு சொன்னேன். ஏட்டி, என்ன விசயம்?"

"ஆட்டோ பிடிச்சு மாரெட்பள்ளி செல்போன் கம்பெனி கடைக்கு வாங்க. ஆதார் எடுத்துட்டு வாங்க. என் சிம் உங்க பேர்லதானே இருக்கு. யார் போன் பண்ணாலும் எடுக்காதீங்க."

"தம்பி பண்ணா?"

"அவன் பண்ணாத்தான் எடுக்கவே கூடாது!" என்று நான் கத்தியதில் கட்டணம் கட்ட நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

போலாரத்தில் இருந்து ஆட்டோ வருவதற்குள் நான் அந்தக் கடையில் நின்ற நிற்பு எனக்குத்தான் தெரியும். கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, காலையில் ஊரின் மறுகோடியில் ஒரு கடையில் இந்த எண்ணுக்குப் புது சிம் வாங்கியிருக்கிறார்கள், ஆவணமும் விவரமும் எல்லாம் சரியாகக் கொடுத்திருக்கிறார்கள் என்றாள். சரியாக என்ற சொல்லை அவள் சொன்ன விதத்தில் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அவங்க கொடுத்தது சரின்னா அப்ப நான் யாரு?" என்று கேட்டேன். அவளுக்கு என்ன தெரியும் பாவம். புது சிம்முக்கு முதல் நாள் குறுஞ்செய்தி எதுவும் வராது, அதனால் வங்கி அனுப்பும் எண் அவர்களுக்கு நாளை வரை கிடைக்காது என்று ஆறுதல் சொன்னாள். கூப்பிடுவதும் பேசுவதும் மட்டும்தான் முடியுமாம். எனக்கு அந்த மட்டும் போதும். பேசினால்தானே கேள்வி கேட்பார்கள், பதில் சொன்னால்தானே கார்டு அவர்களுடையது.

வீட்டுக்காரர் ஆட்டோவில் இருந்து இறங்கிக் கம்பியைப் பிடித்துப் பிடித்து வந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். கட்டை விரலை மெஷினில் வைத்தார். கோரிக்கை போய்விட்டது, திருடன் கையில் இருக்கிற சிம் சாக இரண்டு மூன்று மணி நேரம் ஆகலாம் என்றாள் அந்தப் பெண். அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து எதிரே நின்றேன்.

"அவன்கிட்ட என்னென்ன சொன்னீங்க?"

"நான் என்னத்தச் சொன்னேன்? பேங்கு நம்பர் சொன்னேனா, கார்டு நம்பர் சொன்னேனா? ஓடிபின்னு ஒரு வார்த்த கேக்கல அவன். நான் என்ன கூறு கெட்டவனா?"

"அப்ப என்னதான் பேசினீங்க?"

"எந்தூருன்னு கேட்டான், சொன்னேன். யாரு மகன்னு கேட்டான். எங்கய்யா பேரு, எங்கம்மா பேரு சொன்னேன். ஒங்க அம்மா எந்தப் பக்கம்னு கேட்டான். அவன் சித்திக்கு ஆர்க்காட்டுப் பக்கந்தானாம், ஒருவேள சொந்தமா இருக்குமோன்னு ஒங்க அம்மா பேரச் சொன்னேன், பொறந்த வீட்டச் சொன்னேன். அவன் அக்காவும் நீயும் ஒரே வயசா இருக்கும்னான், ஒன் பொறந்த நாளச் சொன்னேன். கல்யாண நாளச் சொன்னேன். பையன் பேரு, மருமவ பேரு..." சொல்லிக்கொண்டே வந்தவருக்குக் குரல் தேய்ந்துவிட்டது. "முறைதான்ட்டி பாத்தோம்" என்றார்.

இத்தனை நாள் நான் பிளேடும் பேனாவுமாகக் காவல் காத்த வீட்டுக்கு, சுவரே இல்லாமல் போயிருந்தது. வங்கி என்ன கேட்குமோ அதைத்தான் இவர் ஊரும் கேட்கிறது. அவன் கார்டைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமல், அண்ணாச்சி அண்ணாச்சி என்று சொல்லியே எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விட்டான். நான் அவரைத் திட்ட வாயெடுத்தேன். அப்போது அவர் கையில் இருந்த போன் அடித்தது. திரையில் 'தம்பி'.

இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. தமிழில் வந்த ஒரு அழைப்பை அந்த மனிதர் எடுக்காமல் விட்டு நான் பார்த்ததே இல்லை. மூன்றாம் தடவை அடித்தபோது அவரே சிவப்பு வட்டத்தை அழுத்தினார்.

கடைக்குள் ஆள் நடமாட்டம் அதிகம். அவர் போனில் ஸ்பீக்கர் இல்லாமல் பேசமுடியாது. பக்கத்து மாடிப்படிக்குக் கீழே, ஸ்கூட்டர்களுக்கு நடுவில் இடம் இருந்தது. அங்கே போய்ச் சுவரோரம் ஒட்டிக்கொண்டு வங்கிக்குப் போட்டேன். காத்திருக்கும் பாட்டு ஓடியது. அந்தப் பாட்டைப் போட்டவனை நான் மன்னிக்கவே மாட்டேன். கடைசியில் ஒரு பெண் வந்தாள். கார்டு எண்ணின் கடைசி இலக்கங்களைக் கேட்டாள். பிறகு இங்கிலீஷில், "மேடம், இன்று நீங்கள் பேசுவது இது இரண்டாவது முறை" என்றாள்.

"முதலில் பேசியது நான் இல்லை" என்றேன். சொன்னதுமே அந்த ஜன்னல் கம்பி அம்மாவின் குரல் எனக்குக் கேட்டது.

அவளுக்கும் அது பழகிய வார்த்தைதான் போல. பதிவு எண்ணில் இருந்து ஒரு பெண் (அவன் கூட்டாளியாக இருக்கவேண்டும்) பேசியதாகவும், முதல் இரண்டு கேள்விகளுக்குச் சரியான பதில் சொன்னதாகவும், மூன்றாவதில் பதில் பொருந்தாததால் பிறகு பேசுவதாகச் சொல்லி வைத்துவிட்டதாகவும் சொன்னாள். இந்தக் கார்டுக்கு இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு இருக்கிறது, அதுவும் தவறினால் எல்லாம் பூட்டிக்கொள்ளும், பிறகு கிளைக்கு நேரில் போய்ச் சரிசெய்யப் பல நாள் ஆகும் என்றாள். தவறினால் ஆபரேஷன் போயிற்று. நான் முந்தாவிட்டால் அந்த வாய்ப்பும் அவர்களுக்குத்தான்.

பிறந்த தேதி கேட்டாள். சொன்னேன். அம்மா பெயர் கேட்டாள். சொன்னேன்.

"உங்கள் முதல் குழந்தையின் பெயர்?"

பக்கத்தில் நின்றவர் பெருமூச்சு விட்டார். இது தெரிந்ததுதானே என்ற நிம்மதி. உதவி செய்கிற வேகத்தில் பையன் பெயரைச் சொல்ல வாயைத் திறந்துவிட்டார். முதல் எழுத்து வெளியே வந்ததுமே என் உள்ளங்கையால் அவர் வாயைப் பொத்தினேன். பற்கள் கையில் இடித்தன.

"பின்னால் கேட்டது உங்கள் பதிலா மேடம்?"

"இல்லை. நான் இன்னும் சொல்லவில்லை."

எங்களுக்கு முதலில் பிறந்தது பெண். ஒரு பகல்கூட முழுதாக இருக்கவில்லை. குழந்தை நீலம் பாரித்துக்கொண்டு வந்தபோது வீட்டுக்காரர் மருந்து வாங்க வெளியே ஓடியிருந்தார். பிரசவ வார்டில் நர்ஸாக இருந்த கன்னியாஸ்திரீ, சாமியார் வரும்வரை தாங்காது என்று தானே டம்ளரில் தண்ணீரை எடுத்து, பேரு சொல்லும்மா, சீக்கிரம் என்றார். சொன்னேன். தலையில் தண்ணீரை ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தார். இவர் மருந்தோடு ஓடிவந்தபோது மருந்துக்கு வேலை இல்லை. இவரே கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டு வந்தார். பெயர் என்று ஒன்று வைத்தாயா என்று இவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பிறகு பையன் பிறந்தான். யார் கேட்டாலும் ஒரே பையன் என்று இவர் சொல்வார், நான் தலையாட்டுவேன். வங்கியின் கேள்விகளில் அந்த வரியைப் பார்த்தபோது என் கை தானாக அங்கே போயிற்று. அந்தப் பெயரை எழுத எனக்கு வாய்த்த ஒரே இடம் அதுதான்.

மாடிப்படிக்கடியில், இவர் வாயைப் பொத்தியபடியே, என் மகளின் பெயரைச் சொன்னேன்.

"மன்னிக்கவும் மேடம், எழுத்து எழுத்தாகச் சொல்ல முடியுமா?"

எழுத்து எழுத்தாகச் சொன்னேன். சரியாகக் கேட்கவில்லை என்று அவள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாள். என் உள்ளங்கைக்குள் இவர் உதடுகள் அசைந்தன, அவளோடு சேர்ந்து இவரும் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தார். கடைசி எழுத்து வந்தபோது என் கை நனைந்திருந்தது.

"சரியாக இருக்கிறது மேடம். நன்றி."

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. பழைய கார்டைச் சாகடித்தார்கள், என் எண்ணை நிறுத்திவைத்தார்கள், வரம்பு அப்படியே இருக்கப் புதுக் கார்டு ஆஸ்பத்திரி நாளுக்கு முன் வந்துசேரும் என்று உறுதி சொன்னார்கள். இதே கேள்வியை யாரோ முயன்று பார்த்திருப்பதால் கேள்வியையும் பதிலையும் மாற்றிவிடுங்கள் என்று அந்தப் பெண் அறிவுரை சொல்லி வைத்தாள். சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுத்தோம். அவன் அகப்படவில்லை. எங்கள் போன் எண்களும் கார்டு விவரமும் முதலில் அவனுக்கு எங்கிருந்து கிடைத்தன என்பதும் தெரியவில்லை. அவன் உண்மையில் நாங்குநேரிக்காரனா என்பதும் தெரியாது. ஊரை மட்டும் பொய் சொல்லியிருக்கமாட்டான் என்று இவர் இன்றைக்கும் வாதாடுகிறார்.

அன்று ஆட்டோவில் திரும்பினோம். போலாரம் ராணுவக் குடியிருப்புச் சுவர் வந்ததும் இவர் கேட்டார்.

"அந்தப் பேர நீயா வச்சே?"

"ஆமா."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலயே ஏட்டி."

"நீங்க கேக்கலயே."

"கேட்டா நீ தாங்கமாட்டேன்னு நெனச்சேன்" என்றார். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. இத்தனை வருஷம் வழியில் போகிறவன் வருகிறவன் வீட்டுப் பிள்ளைகளை எல்லாம் பெயர் கேட்டு வைத்திருக்கிற மனிதர், சொந்த மகளின் பெயரை மட்டும் கேட்காமல் இருந்திருக்கிறார். கேட்டிருந்தால் அது அந்தத் தம்பி காதுக்கும் போயிருக்கும், கார்டும் போயிருக்கும் என்று புத்தி சொன்னது. போனால் போயிருக்கட்டும் என்று மனசு சொன்னது. இரண்டையும் அவரிடம் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

புதுக் கார்டு வந்தது. பின்பக்கத்து எண்ணைச் சுரண்டினேன். ஆபரேஷன் சொன்ன நாளில் நல்லபடியாக முடிந்தது. வார்டில் பக்கத்துக் கட்டிலுக்கு, இடுப்பு எலும்பு முறிந்து ஒரு பெரியவர் வந்து சேர்ந்தார். ரயில்வேயில் இருந்தவர், தமிழர். போதாதா? இவர் கண்ணைத் திறந்து அரைகுறையாகத் தலையைத் திருப்பினார். "எந்தூரு?" என்று ஆரம்பித்தது அந்தப் பெரியவர்தான். வழக்கமாக இவர் வீட்டு விவரம் சொல்ல ஆரம்பித்தால் நான் காலை மிதிப்பேன். கட்டுப்போட்ட காலை எப்படி மிதிப்பது? தோளைக் கிள்ளினேன். ஊரோடு நிறுத்திக்கொண்டார். அப்பா பெயர் கேட்டதற்குச் சிரித்து மழுப்பினார். திருந்திவிட்டார் என்று நான் ஆரஞ்சுப் பழத்தை உரிக்க ஆரம்பித்தேன்.

"பிள்ளைங்க எத்தனை?" என்று கேட்டார் பெரியவர்.

"ரெண்டு. மூத்தவ பொண்ணு."

என் கை நின்றுவிட்டது.

"மகளா, நல்லது நல்லது. பேரு என்ன?"

இவர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது, ஆனால் முகத்தில் பாலாநகர் கேட்டுக்குள் போகிற காலத்து இறுக்கம் இருந்தது.

"அதச் சொல்லப்பிடாது. அது எங்க வீட்டுக்காரியோட பேங்க் ரகசியம்" என்றார்.

அந்தக் கேள்வியை அன்றைக்கே மாற்றிவிட்டேன் என்று நான் அவரிடம் சொல்லவில்லை.